ஆதிப் பூமியின் அமினோ அமிலங்களை ஆய்வகத்தில் உருவாக்கும் முறை

உயிர் தோன்றுவதற்கு முன் பூமியில், புரதங்களின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் தாமாகவே உருவாகியிருக்க முடியுமா? இந்தக் கேள்வியை 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் சோதனைக்குக் கொண்டுவந்தார். அவருடைய வழிகாட்டி ஹெரால்ட் யூரி. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு மூடிய கண்ணாடிச் சுற்றில் அடைத்து ஒரு வாரம் மின்பொறி பாய்ச்சினார். முடிவுகள் 1953 மே மாதம் வெளியாயின. அதே சோதனையை இன்றைய கருவிகளோடு திரும்பச் செய்யும் முறையை இங்கே தருகிறோம்.

வெற்றிடக் குழாய்களையும் வாயு உருளைகளையும் கையாண்டு பழகியவர்களுக்கும், ஃபியூம் ஹூட் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) உள்ள வேதியியல் ஆய்வகத்துக்கும் உரிய வேலை இது. வீட்டிலோ வகுப்பறை மேசையிலோ செய்யக் கூடாது. தீப்பிடிக்கும் வாயு, உயர் மின்னழுத்தம், ஹைட்ரஜன் சயனைடு ஆகிய மூன்றும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமினோ அமிலத்தை உண்டாக்குவது இந்தச் சோதனையின் கடினமான பகுதி அல்ல. கைரேகையிலும் தூசியிலும் குழாய் நீரிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. கண்டுபிடித்த கிளைசின் என்ற எளிய அமினோ அமிலம் குடுவைக்குள்தான் பிறந்தது, விரலிலிருந்து ஒட்டிக்கொண்டதல்ல என்று காட்டுவதுதான் உண்மையான வேலை. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அதற்காகவே.

குடுவைக்குள் நடப்பது

மின்பொறி நேரடியாக அமினோ அமிலத்தை உண்டாக்குவதில்லை. அது மீத்தேனையும் அம்மோனியாவையும் நீராவியையும் துண்டுதுண்டாக உடைக்கிறது. உடைந்தவை மீண்டும் சேரும்போது ஹைட்ரஜன் சயனைடும், ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகளும் கிடைக்கின்றன. இவை நீராவியோடு சேர்ந்து குளிர்ந்து கீழே உள்ள நீரில் இறங்குகின்றன. பொறி எட்டாத அந்த நீரில்தான் ஆல்டிஹைடு, அம்மோனியா, சயனைடு மூன்றும் இணைந்து அமினோ நைட்ரைல் ஆகின்றன. நீர் அதை மெல்லப் பிளக்க, அமினோ அமிலம் பிறக்கிறது. அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் 1850இல் கண்டறிந்த வினை இது. ஃபார்மால்டிஹைடிலிருந்து கிளைசினும் அசிட்டால்டிஹைடிலிருந்து அலனினும் வரும். அம்மோனியா போதாமல் போனால் அதே ஆல்டிஹைடுகள் கிளைகாலிக் அமிலமாகவும் லாக்டிக் அமிலமாகவும் முடிந்துவிடும்.

கருவியின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும். உருவான பொருள் பொறிக்கு அருகிலேயே தங்கினால் அதே பொறி அதை உடைத்துவிடும். எனவே வாயு ஒரு பக்கம், நீர் இன்னொரு பக்கம், நடுவே ஓயாத சுழற்சி.

கண்ணாடிச் சுற்று

மேலே 5 லிட்டர் உருண்டைக் குடுவை, கீழே 500 மி.லி. குடுவை. சிறிய குடுவையிலிருந்து நீராவி ஒரு குழாய் வழியே பெரிய குடுவைக்கு ஏற வேண்டும். பெரிய குடுவையின் அடியிலிருந்து வாயு குளிர்விப்பான் வழியாக இறங்கி, U வடிவில் வளைந்த குழாயைக் கடந்து சிறிய குடுவைக்குத் திரும்ப வேண்டும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். நீராவி எதிர்த்திசையில் போகாமல் தடுப்பது அந்தத் தேக்கம்தான். ஆகவே வளைவு இல்லாமல் நேராகக் குழாய் வைத்தால் சுழற்சியே நடக்காது.

மின்முனைகள் டங்ஸ்டனால் ஆனவையாக இருக்கட்டும். முனைகளுக்கிடையே சுமார் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். குடுவையின் மேற்பகுதியில் பொருத்தினால் குளிர்ந்து வழியும் நீர் முனைகளில் படராது. முனைத் தண்டுகளின் மேல் நீர்ப்படலம் உண்டானால் மின்சாரம் பொறியாகப் பாயாமல் படலம் வழியே ஓடிவிடும். வெளியே பொறிக்கு மின்னழுத்தம் தரும் சுருள் உறுமிக்கொண்டிருக்கும், உள்ளே வேதிவினை நடக்காது. பொறி கண்ணுக்குத் தெரிகிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

குடுவைகள் போரோசிலிகேட் கண்ணாடியாகவே இருக்கட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மோனியா கலந்த வெந்நீர் கண்ணாடிச் சுவரிலிருந்து சிலிக்காவைக் கரைக்கிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, டெஃப்லான் கலத்தில் இதே சோதனையைச் செய்தால் விளைபொருட்களின் எண்ணிக்கையும் அளவும் குறைவதைக் காட்டியது. கண்ணாடி வெறும் பாத்திரமல்ல, வினையில் அதற்கும் பங்கு உண்டு. ஆதிப் பூமியில் பாறைகளுக்குக் குறைவில்லை என்பதால் இது சோதனையின் குறையாகாது. ஆனால் இரண்டு சோதனைகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே வகைக் கண்ணாடி இருக்க வேண்டும்.

தூய்மை

கண்ணாடிப் பாகங்களை 500 டிகிரி செல்சியஸில் காற்றில் 3 மணி நேரம் சுட்டு, உலையிலேயே மெல்ல ஆறவிடுங்கள். ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எரிந்து போய்விடும். சோப்பும் பிரஷும் இதற்கு மாற்று ஆகா. சூட்டில் வைக்க முடியாத டெஃப்லான் வால்வுகளை அமிலத்தில் ஊறவைத்து உயர்தூய்மை நீரில் பலமுறை அலசுங்கள். டங்ஸ்டன் முனைகளையும் உலையில் வைக்காமல் மெத்தனாலால் துடைத்து உலர்த்துங்கள். சுட்டபின் கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது. இணைப்புகளில் கிரீஸ் மிகக் குறைவாக, வெளிவிளிம்பில் மட்டும். சுற்றின் உள்ளே ரப்பர்க் குழாய் வேண்டாம்.

வெற்றிடமும் வாயு நிரப்பலும்

முதலில் நீர் இல்லாமல் வெறும் சுற்றை 1 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி அரை மணி நேரம் காத்திருங்கள். அழுத்தமானி ஏறினால் கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகவே கூடாது. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தாலும், மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தாலும் ஒரு பொறியில் வெடிக்கும். நாமோ ஒரு வாரம் பொறி கொடுக்கப்போகிறோம். உள்ளே ஆக்சிஜன் இல்லை என்ற ஒன்றுதான் நம்மைக் காப்பது.

அடுத்து 200 மி.லி. உயர்தூய்மை நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துச் சிறிய குடுவையில் ஊற்றுங்கள். நீராவியை உறையவைத்துப் பிடிக்கும் குளிர்க்குழாய் வழியாகக் கால் மணி நேரம் மீண்டும் காற்றை உறிஞ்சுங்கள். இப்போது அழுத்தமானி 25 டிகிரியில் சுமார் 24 மி.மீ. அளவில் நின்றுவிடும். அது நீரின் ஆவியழுத்தம். இதைக் கசிவு என்று எண்ணிப் பம்பை ஓட்டிக்கொண்டே இருந்தால் நீர்தான் குறையும்.

மில்லரின் கலவை: மீத்தேன் 200 மி.மீ., அம்மோனியா 200 மி.மீ., ஹைட்ரஜன் 100 மி.மீ. பாதரச அழுத்தம். மீத்தேனும் ஹைட்ரஜனும் தொல்லை தருவதில்லை, அழுத்தமானியைப் பார்த்தே நிரப்பலாம். அதிகம் பேர் தவறுவது அம்மோனியாவில். அது நீரில் அபாரமாகக் கரையும். சுற்றோடு இணைந்த மானியில் 200 வரும் வரை அம்மோனியாவை விட்டுக்கொண்டே போனால், நீர் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும், மானி ஏறவே ஏறாது. கடைசியில் திட்டமிட்டதைப் போலப் பல மடங்கு அம்மோனியா உள்ளே போயிருக்கும். எனவே அழுத்தத்தை மறந்துவிட்டு மோல் கணக்கில் அளவிடுங்கள். சுற்றில் வாயுவுக்கான இடம் ஏறத்தாழ 5.5 லிட்டர் என்றால் 200 மி.மீ. என்பது 59 மில்லிமோல். ஒரு 2 லிட்டர் தனிக் குடுவையில் 25 டிகிரியில் சுமார் 550 மி.மீ. அழுத்தத்துக்கு அம்மோனியாவை நிரப்பினால் சரியாக அந்த அளவு இருக்கும். அதைச் சுற்றோடு திறந்துவிடுங்கள், நீரே இழுத்துக்கொள்ளும். நுழைவுக் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பது கட்டாயம். முங்கியிருந்தால் அம்மோனியா கரையும் வேகத்தில் நீர் குழாய்க்குள் ஏறி, வாயுத் தொகுதி முழுவதையும் நனைத்துவிடும்.

பிறகு மீத்தேன், கடைசியில் ஹைட்ரஜன். நிரப்பி முடித்ததும் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 330 மி.மீ. காட்ட வேண்டும், ஏனெனில் அம்மோனியாவில் 98 சதவீதம் நீருக்குள் போய்விட்டது. அந்த நீரின் செறிவு சுமார் 0.29 மோலார், பிஎச் 11ஐத் தாண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே மானி 500ஐத் தொட்டால், கணக்கு பிழைத்திருக்கிறது அல்லது காற்று நுழைந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் வெளியேற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். வளிமண்டல அழுத்தம் வரை நிரப்பும் ஆசையும் வேண்டாம். சூடேறும்போதும், மீத்தேன் உடைந்து ஹைட்ரஜன் பெருகும்போதும் உள்ளழுத்தம் கூடும். பெரிய குடுவையைச் சுற்றி வலையோ பாதுகாப்புத் தடுப்போ வைத்த பிறகே சூடேற்றுங்கள்.

கொதிநிலையும் பொறியும்

குளிர்விப்பானில் நீரோட்டம் தொடங்கிய பிறகுதான் அடுப்பு. அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் 80 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். அம்மோனியா வெளியேறி அழுத்தம் கூடக் கூட வெப்பநிலையும் கொஞ்சம் ஏறும். மிதமான கொதிப்பே போதும். கொந்தளிக்க விட்டால் பெரிய குடுவை நீராவியால் நிறைந்து முனைகள் நனையும்.

பொறிக்கு உயர் அதிர்வெண் டெஸ்லா சுருள் பயன்படுத்துங்கள். வெற்றிடக் கசிவைக் கண்டறிய ஆய்வகங்களில் வைத்திருக்கும் கைச்சுருளே போதும், அதை 30,000 வோல்ட் அளவில் வைக்கலாம். அதைத் தொடர்ந்து ஓட்டினால் சுருள் சூடேறிக் கெடும். ஒரு மணி நேரம் ஓட்டம், ஒரு மணி நேரம் ஓய்வு என்று டைமரில் பொருத்தினால் இரண்டு வாரத்தில் ஒரு வாரத்துக்குரிய பொறி கிடைக்கும். ஒரு மின்முனையைத் தரையிணைப்போடு சேருங்கள். ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டியவை மூன்று: மானி, பொறி, குளிர்நீர். மானி திடீரென வளிமண்டல அழுத்தத்தை நெருங்கியிருந்தால், எதையும் தொடுமுன் சுருளின் மின்சாரத்தை வெளியே உள்ள சுவிட்சில் துண்டியுங்கள்.

முதல் நாள் முடிவில் நீர் இளஞ்சிவப்பாகும். வார இறுதியில் ஆழ்ந்த சிவப்பாகிக் கலங்கும். கலங்கலுக்குக் காரணம் கண்ணாடியிலிருந்து கரைந்த சிலிக்கா; நிறம் அதன்மேல் ஒட்டிய கரிமப் பொருட்களிலிருந்து வருவது. முனைகளிலும் சுவர்களிலும் பழுப்புத் தார் படிவது இயல்பு. மூன்றாம் நாளிலும் நீர் தெளிவாகவே இருந்தால் பொறி வாயுவில் பாயவில்லை என்று கொள்ளுங்கள்.

நிறுத்துதல்

சுருளை நிறுத்தி, நீரை அறைவெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். உள்ளே எஞ்சிய வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். ஃபியூம் ஹூட்டுக்குள், நைட்ரஜன் ஓட்டத்தில், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாக அதை வெளியேற்றுங்கள். வாதுமைக் கசப்பு மணம் வரும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்ப வேண்டாம், பலரால் அந்த மணத்தை உணரவே முடியாது.

நீரிலும் சயனைடு உண்டு. கரைசல் காரமாக இருக்கும்வரை அது அயனியாக அடங்கியிருக்கும். பிஎச் 9க்குக் கீழே போனதும் விஷ வாயுவாக எழும். ஆகவே மாதிரியில் அமிலம் சேர்க்கும் வேலை எதையும் திறந்த மேசையில் செய்யாதீர்கள்.

மில்லர் நுண்ணுயிர்கள் வளராமலிருக்க மெர்குரிக் குளோரைடு சேர்த்தார். இன்று அதற்குத் தேவையில்லை. 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சுட்ட கண்ணாடிக் குப்பிகளில் மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்தால் போதும்.

பகுப்பாய்வு

அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரினை எடுத்த எடுப்பில் தெளிப்பது பரவலான தவறு. நின்ஹைட்ரின் அம்மோனியாவோடும் ஊதா நிறம் தரும். இந்தக் கரைசலில் அம்மோனியா ஏராளம். எனவே மாதிரியை வெற்றிடத்தில் உலர்த்தி அம்மோனியாவை முதலில் போக்குங்கள். அம்மோனியா போகப் போக பிஎச் இறங்கி ஹைட்ரஜன் சயனைடும் கூடவே வரும் என்பதால், பம்பின் முன்னே அதைப் பிடித்துவைக்கும் காரக் கரைசல் இருக்க வேண்டும்.

உலர்ந்ததை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அப்படியே வையுங்கள். மறுபாதியை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், காற்று நீக்கி மூடிய குப்பியில், 110 டிகிரியில் 24 மணி நேரம் சூடாக்குங்கள். நைட்ரைலாக நின்றுவிட்டவையும் இப்போது அமினோ அமிலமாகும். இரு பாதிகளுக்கும் உள்ள வேறுபாடு, ஸ்ட்ரெக்கர் வினை எவ்வளவு தூரம் போய் நின்றிருந்தது என்பதைச் சொல்லும். பிறகு வலிய அமில வகை நேரயனிப் பரிமாற்றப் பிசினில் ஏற்றி, நீரால் கழுவி, 2 மோலார் அம்மோனியாக் கரைசலால் இறக்கி, மீண்டும் உலர்த்தினால் உப்பு நீங்கிய மாதிரி கையில் இருக்கும்.

எளிய வழி இருதிசைத் தாள் வண்ணப்பிரிகை, அதாவது தாளில் ஊறும் கரைப்பானோடு ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு தூரம் நகர்ந்து பிரிவது. முதல் திசையில் பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர்க் கலவை. இரண்டாம் திசையில் நீர் நிறைந்த ஃபீனால். முதல் திசை மட்டும் போதாது, அதில் கிளைசினும் ஆஸ்பார்டிக் அமிலமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஃபீனாலில் ஆஸ்பார்டிக் அமிலம் பின்தங்கிவிடும். நின்ஹைட்ரின் தெளித்து 105 டிகிரியில் 5 நிமிடம் வைத்தால் புள்ளிகள் தெரியும். தெரிந்த அமினோ அமிலங்களை இதே முறையில் தனித் தாளில் ஓட்டி ஒப்பிடாமல் எந்தப் புள்ளிக்கும் பெயர் வைக்காதீர்கள். மில்லர் 1953இல் கிளைசின், ஆல்பா அலனின், பீட்டா அலனின் மூன்றை மட்டுமே உறுதியாகச் சொன்னார். ஆஸ்பார்டிக் அமிலத்தையும் ஆல்பா அமினோ பியூட்டிரிக் அமிலத்தையும் உறுதி குறைவு என்றே எழுதினார். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? மீத்தேனாக 59,000 மைக்ரோமோல் கார்பன் கொடுத்த மில்லரின் ஓட்டத்தில் கிளைசின் 630, அலனின் 340, கிளைகாலிக் அமிலம் 560, லாக்டிக் அமிலம் 310 மைக்ரோமோல் வந்தன. கார்பன் கணக்கில் கிளைசின் 2.1 சதவீதம், அலனின் 1.7 சதவீதம். ஃபார்மிக் அமிலம் மட்டும் 2,330 மைக்ரோமோல். உங்கள் கிளைசின் இதில் நூறில் ஒரு பங்குதான் என்றால், காற்றுக் கசிவையும் நனைந்த முனைகளையும் முதலில் சந்தேகியுங்கள்.

வேறு வளிமண்டலங்கள்

ஆதிப் பூமியின் காற்று மில்லரின் கலவையைப் போல ஹைட்ரஜன் செறிந்திருக்கவில்லை, பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனுமாக இருந்திருக்கும் என்பதே இன்று பலரின் கருத்து. அந்தக் கலவையில் அப்படியே பொறி கொடுத்தால் அமினோ அமிலம் மிகச் சொற்பமாகவே கிடைக்கும். இதற்கு வாயுவின் இயல்பு மட்டும் காரணமல்ல. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரைட்டும் நைட்ரேட்டும் உருவாகி நீர் அமிலமாகிறது. அமில நீரில் நைட்ரஸ் அமிலம், உருவான அமினோ தொகுதிகளையே அழித்துவிடுகிறது. நீரில் கால்சியம் கார்பனேட்டைக் கரையாமல் எஞ்சும் அளவுக்குப் போட்டுப் பிஎச்சைக் காத்தால், அமில நீராற்பகுப்புக்கு முன் அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கியைச் சேர்த்தால், விளைச்சல் பெரிதும் உயரும். 2008இல் மில்லரின் மாணவர் ஜெஃப்ரி பாடாவும் சகாக்களும் இதைக் காட்டினர். ஆதிக் கடலில் இரும்பும் கார்பனேட்டுகளும் அந்த வேலையைச் செய்திருக்கலாம். வாயுவை மட்டும் மாற்றி, நீரை மறந்துவிட்டு, ‘இந்த வளிமண்டலத்தில் நடக்காது’ என்று முடிவுகட்டுவது பிழை.

பிறந்ததா, ஒட்டியதா?

குறைந்தது இரண்டு வெற்றோட்டங்கள் வேண்டும். ஒன்றில் அதே வாயு, அதே கொதிப்பு, அதே நாட்கள், ஆனால் பொறி இல்லை. மற்றொன்றில் வெறும் உயர்தூய்மை நீர் பகுப்பாய்வின் எல்லாப் படிகளையும் கடக்கட்டும். முதலாவதில் அமினோ அமிலம் வந்தால் குடுவை அழுக்கு. இரண்டாவதில் வந்தால் பிசினோ அமிலமோ அழுக்கு. நுண்ணுயிர்களே காரணம் என்ற ஐயத்தைத் தீர்க்க மில்லர் முழுச் சுற்றையும் மூடி 130 டிகிரியில் 18 மணி நேரம் வைத்துக் கிருமிநீக்கம் செய்தார். விளைச்சல் மாறவில்லை.

அடுத்த சான்று கைத்தன்மை: கிளைசின் தவிர்த்த பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. உயிரினங்களின் புரதங்களில் உள்ளவை ஏறக்குறைய முழுதும் இடக்கை வடிவம். பொறியில் பிறந்த அலனினில் இடமும் வலமும் சரிபாதி இருக்க வேண்டும். இடக்கை வடிவம் தெளிவாக மிகுந்திருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. செரின் அளவு கிளைசினை நெருங்கினாலும் அப்படியே, விரல் வியர்வையில் செரின் அதிகம். மாறாக, உயிரினப் புரதங்களில் இடம்பெறாத ஆல்பா அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலமும் ஐசோவேலினும் கிடைத்தால் நல்ல அறிகுறி. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் இவை உள்ளன. ஆனால் ஒன்றில் கவனம்: அந்தக் கல்லின் ஐசோவேலினில் இடக்கை வடிவம் சற்று மிகுந்திருக்கிறது. எனவே சரிபாதி விதியைப் பொறிக்குடுவைக்குப் பயன்படுத்துவதுபோல் விண்கற்களுக்குக் கண்மூடிப் பொருத்த முடியாது.

வசதி இருந்தால் இவற்றையெல்லாம்விட உறுதியான வழி ஒன்று உண்டு. மீத்தேனுக்குப் பதில் கார்பன் 13 மீத்தேனை நிரப்புங்கள். குடுவைக்குள் பிறந்த கிளைசின் நிறை 75க்குப் பதில் 77 என்றும், அலனின் 89க்குப் பதில் 92 என்றும் நிறைமாலைமானியில் தெரியும். பழைய நிறையிலேயே நிற்பது வெளியிலிருந்து ஒட்டியது.

மீதமுள்ளதை எறியாதீர்கள். உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் மூடி, வாயுக் கலவை, பொறி நேரம், தேதி, குறிப்பேட்டின் பக்க எண் ஆகியவற்றை மேலே எழுதி வையுங்கள். மில்லர் 1950களில் அப்படி எழுதி வைத்த குப்பிகளை, 2007இல் அவர் மறைந்த பிறகு பாடாவின் குழு திறந்து புதிய கருவிகளில் ஓட்டியது. நீராவித் தாரையைப் பொறிக்குள் பாய்ச்சிய ‘எரிமலை’ அமைப்பின் குப்பிகளில் மட்டும் 22 அமினோ அமிலங்கள் இருந்தன. 1958இல் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்த்துச் செய்து, பகுக்காமலே விட்ட குப்பிகளில் 23 இருந்தன.